என் மகனுக்குக் கியர் போட்டவள்

என் மருமகளுக்குக் கார் ஓட்டத் தெரியும் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். லைசென்ஸ் கையில் வந்த பிறகு சொல்வதற்கென்ன, யாரும் சொல்லலாம். அதற்கு முன்னாலேயே அவள் ஓட்டிக்கொண்டுதான் இருந்தாள். பாதிக் காரை ஓட்டினாள். மீதிப் பாதியை என் மகன் ஓட்டினான். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பின் சீட்டில் துணி மூட்டைக்கு நடுவே உட்கார்ந்து வந்தவள் நான், எனக்குத் தெரியாததா.

என் மகன் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். அங்கே வெட்டும் மெஷினில் இடது கை மாட்டிக்கொண்டது. விரல்களில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. கட்டுப் பிரித்த அன்று அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மருமகள்தான் அந்தக் கையைத் தூக்கி, வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்தாள். "வலது கை முழுசா இருக்கு, போதும்ங்க. மிச்சத்துக்கு நான் இருக்கேன்" என்றாள். பேச்சுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் பேச்சுக்கு எதையும் சொல்கிறவள் இல்லை.

பிறகுதான் சலவை வேலையை ஆரம்பித்தோம். வீட்டின் பின்கட்டில் இரண்டு பெரிய தொட்டி, ஒரு பிழியும் மெஷின், ஆள் படுக்கிற அளவுக்கு ஒரு இஸ்திரி மேசை. முதலில் இரண்டு லாட்ஜுகளின் துணி வந்தது. அப்புறம் மேட்டுத் தெருவில் இருக்கிற ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகள் வந்தன. அதுதான் எங்கள் வீட்டு அடுப்பை எரிய வைத்தது. விடிந்ததும் வெள்ளை விரிப்புகளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அழுக்கை எடுத்து வரவேண்டும். அதற்காகத்தான் அந்தப் பழைய காரை வாங்கினான். பின் சீட்டில் பாதியைக் கழற்றி மூட்டைக்கு இடம் செய்தான். மிச்சப் பாதி எனக்கு. நான் எதற்குப் போகவேண்டும் என்று கேட்பார்கள். நான் போகாவிட்டால் அங்கே இருக்கிற தலைமை நர்ஸம்மா கறை இருக்கிறது என்று நாலு விரிப்பைத் திருப்பி அனுப்புவார். நான் பக்கத்தில் நின்றால் அனுப்ப மாட்டார். அவ்வளவுதான்.

கார் ஓட்ட என் மகனுக்கு முன்பே தெரியும். ஸ்டீயரிங் வலது கையில் இருக்கும். கியர்தான் வம்பு செய்தது. கட்டைவிரலும் உள்ளங்கையும் வைத்துத் தள்ளினால் குமிழ் வழுக்கும். முதல் நாளே கடைத்தெரு நடுவில் ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகாமல் பாதியில் நின்றுகொண்டது. கரகரவென்று பல்லைக் கடிக்கிற சத்தம். பின்னால் ஆரன். அவன் காது மடல் சிவந்துவிட்டது. அப்போது இடது சீட்டில் இருந்த மருமகள் வலது கையை நீட்டிக் குமிழைப் பிடித்து, "கிளட்சை நல்லா மிதிங்க" என்றாள். மிதித்தான். கியர் விழுந்தது. அவ்வளவுதான் பேச்சு. வீடு வரும்வரை அவள் கையை எடுக்கவில்லை.

அன்றிலிருந்து அவன் காலும் அவள் கையுமாகத்தான் அந்தக் கார் ஓடியது. ஆரம்பத்தில் அவன் "ரெண்டு", "மூணு" என்று சொல்லிக்கொண்டிருந்தான். கொஞ்ச நாளில் சொல்வதை விட்டுவிட்டான், சொல்வதற்கு முன்னாலேயே அவள் கை அங்கே இருந்தது. அவளுக்கு இஞ்சினின் சத்தம்தான் கணக்கு. "அதுக்கு மூச்சு முட்டுதுங்க, கீழ இறக்கிக்கலாம்" என்பாள். "வீண் கத்தல் கத்துது, மேல போடணும்" என்பாள். அவள் கியரைப் பிடுங்கவும் மாட்டாள், தள்ளவும் மாட்டாள். ஒரு இடத்திலிருந்து எடுத்து, நடுவில் கண் இமைக்கிற நேரம் நிறுத்தி, அப்புறம் விடுவாள். அது தானாகப் போய் உட்காரும். வளைவு வந்தால் வளைவுக்கு முன்னாலேயே இரண்டுக்கு வந்துவிடுவாள், வளைந்துகொண்டே கையை ஆட்டுகிற வேலை கிடையாது. மாற்றி முடிந்ததும் கை மடிக்குத் திரும்பிவிடும். குமிழ்மேல் கையை வைத்துத் தூங்குகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது.

ஆஸ்பத்திரி மேட்டிலிருந்து இறங்கக் கிளம்பும்போது வாசல் டீக்கடைக்காரர் ஒருநாள் ஓசியில் யோசனை சொன்னார். "இறக்கத்துல கியரைக் கழட்டி விட்டுடும்மா. சும்மா உருண்டு வரும், பெட்ரோல் மிச்சம்."

"ஏறும்போது விட்டா வண்டி நிக்கும், அவ்வளவுதாண்ணே. இறங்கும்போது விட்டா யாரு நிறுத்துறது?" என்றாள் மருமகள்.

ஆஸ்பத்திரி வாட்ச்மேன் எங்களுக்கு 'ஒன்றரை டிரைவர்' என்று பெயர் வைத்திருந்தார். "ஒன்றரை டிரைவர் வந்தாச்சு, கேட்டைத் திற" என்று உள்ளே குரல் கொடுப்பார். யார் ஒன்று, யார் அரை என்று கேட்டால் மட்டும் சொல்ல மாட்டார்.

சண்டை போட்ட நாள்களும் உண்டு. என் மகன் அவளுடைய அண்ணனைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டான். அவள் கையை மடியில் கட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். கார் கடைத்தெரு முழுக்க இரண்டாவது கியரிலேயே ஊளையிட்டுக்கொண்டு போனது. காய்கறிக்காரி எட்டிப் பார்த்தாள்.

"கியரு" என்றான் இவன்.

"எங்க அண்ணனைக் கூப்பிட்டுப் போடச் சொல்லுங்க."

"எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். பேசறப்போ யோசிச்சீங்களா?"

"சரி, தப்புதான்."

"அத்தை காதுல விழலையாம்."

"எனக்கு விழுந்துச்சும்மா, போடு, இந்தச் சத்தத்துல எனக்குத் தலை வலிக்குது" என்றேன் நான். மூன்றாவது விழுந்தது. ஆனால் அன்றைக்கும் கியரை முரட்டுத்தனமாகப் போடவில்லை அவள். கோபம் வேறு, கியர் வேறு.

இப்படியே ஓடிக்கொண்டிருந்திருக்கும். ஒருநாள் நாற்சந்தியில் போக்குவரத்து அதிகாரி ஒருவர் ஜன்னலோரம் நின்றார். சிக்னல் விழுந்ததும் கார் கிளம்புகிற நேரம். குனிந்து உள்ளே பார்த்தவர் காரை ஓரம் கட்டச் சொன்னார்.

"ஓட்டறது யாரு?"

"நான்தான் சார்" என்றான் மகன்.

"அந்தக் கை யாரோடது?"

"என்னோடது" என்றாள் மருமகள்.

"அப்போ கியர் போடறது நீங்களா?"

"இல்ல சார், கியர் போடறது அவருதான். கை மட்டும்தான் என்னோடது."

அந்த மனிதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டேதான் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். இந்தக் கையோடு ஓட்டவேண்டும் என்றால் கியர் தானாக மாறுகிற கார்தான் ஓட்டலாம், அதற்கு வேறு சோதனை உண்டு என்று பொறுமையாக விளக்கினார். அப்படிப்பட்ட காருக்கு நாங்கள் எங்கே போவோம்.

நர்ஸம்மாவிடம் மருமகள் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டு, "மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். சொந்த வேன் வெச்சிருக்கற கம்பெனி ஒண்ணு ஏற்கெனவே வந்து கேட்டுட்டுப் போயிருக்கு. எனக்குக் காலையில விரிப்பு வேணும், கதை வேண்டாம்" என்றார். ஆஸ்பத்திரி போனால் அந்த இரண்டு லாட்ஜை வைத்துக்கொண்டு சோப்புத் தூளுக்கும் கட்டாது. தொட்டியையும் மெஷினையும் விற்றுவிட்டு என் மகன் மறுபடி ஏதாவது தொழிற்சாலை வாசலில் போய் நிற்கவேண்டும். கையைக் காட்டினால் யார் எடுப்பார்கள்.

"நான் லைசென்ஸ் எடுக்கறேன்" என்றாள் மருமகள். காயப்போட்ட துணியை எடுக்கிறேன் என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

அதுவரைக்கும் காலையில் ஓட்டித் தர பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் ஒப்புக்கொண்டான். நல்ல பையன், ஆனால் கியரை அடுப்பில் விறகு திணிப்பதுபோலத் திணிப்பான். இஞ்சின் அழும், அவன் பாட்டுக் கேட்பான். மருமகள் இடது சீட்டில் நெளிந்துகொண்டிருந்தாள். "தம்பி, அது கேக்குது, மூணு போடுங்க." "போடறேன்க்கா." போடமாட்டான். ஒருநாள் பொறுக்க முடியாமல் அவளுடைய வலது கை தானாகப் போய்க் குமிழைப் பிடித்துவிட்டது. அங்கே ஏற்கெனவே அவன் கை இருந்தது. அவன் பதறிக் கையை உதறினான். "அக்கா, எனக்குக் கல்யாணமே ஆகலக்கா" என்றான். எனக்குச் சிரித்துச் சிரித்து விலா பிடித்துக்கொண்டது.

சாயங்காலங்களில் பூட்டிக்கிடந்த ஒரு கிடங்கின் பின்னால் இருந்த சிமென்ட் களத்தில் கற்றுக்கொண்டாள். அவள் வலது சீட்டில், என் மகன் இடது சீட்டில், நான் என் இடத்தில். இவ்வளவு கியர் போட்டவளுக்கு என்ன கஷ்டம் இருக்கப் போகிறது, இரண்டே நாளில் முடிந்துவிடும் என்றுதான் மூன்று பேரும் நினைத்தோம்.

முதலில் கால். கிளட்ச் எப்போதும் அவன் வேலை. அவள் அதைப் பார்த்ததே இல்லை. "எப்படிங்க விடணும்?" என்று கேட்டாள். அவன் யோசித்தான். "மெதுவா விடணும்." "எவ்வளவு மெதுவா?" "அது... வண்டி சொல்லும்." "எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே." கார் குதித்து நின்றது. வீட்டுக்கு வந்த பிறகும் அவன் நாற்காலியில் உட்கார்ந்து தரையை மிதித்து மிதித்துப் பார்த்தான், சொல்ல வரவில்லை. கடைசியில் அவள் அவன் முழங்காலின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "இப்ப கார்னு நெனச்சு விடுங்க" என்றாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு விட்டான். பாதியில் முழங்கால் ஒரு இடத்தில் தயங்கி, அப்புறம் மேலே வந்தது. "இங்கதான் நிக்குது" என்றாள் அவள். "இன்னொரு தடவை." நான் எழுந்துபோய்த் தொட்டியைப் பார்ப்பதுபோல நின்றுகொண்டேன். மறுநாள் கார் குதிக்கவில்லை.

கால் வந்துவிட்டது. கைதான் வரவில்லை. அவளுக்கா கியர் வரவில்லை என்று எங்களால் நம்பவே முடியவில்லை.

என்ன ஆனது என்று சொல்கிறேன். அந்தக் காரில் ஒன்றும் இரண்டும் இடது பக்கம். மூன்றும் நான்கும் வலது பக்கம். இடது சீட்டில் உட்கார்ந்திருந்தவளுக்கு ஒன்று என்றால் தன் மடிப் பக்கம், மூன்று என்றால் அவன் மடிப் பக்கம். அவள் கை அப்படித்தான் படித்திருந்தது. இப்போது வலது சீட்டில் உட்கார்ந்து, கிளம்புவதற்குத் தன் மடிப் பக்கம் இழுத்து மேலே போட்டாள். மூன்றில் விழுந்தது, கார் செத்து நின்றது. இரண்டில் ஓடிக்கொண்டிருக்கும்போது மூன்றுக்காகக் கையைத் தள்ளிப் போட்டாள். ஒன்றில் விழுந்தது. இஞ்சின் போட்ட கூச்சலில் கிடங்கு வாட்ச்மேன் ஓடிவந்தார். நான் முன் சீட்டின் முதுகில் போய் மோதினேன். அது பரவாயில்லை, மூட்டை இருந்தது.

கார் ஓட்டத் தெரியாதவர்கள்கூட இந்தத் தப்பைச் செய்ய மாட்டார்கள். இவளைப் போல இடது சீட்டிலிருந்து கியர் போட்டவளுக்குத்தான் இது வரும்.

போதாக்குறைக்கு என் மகன். இப்போது குமிழுக்குப் பக்கத்தில் இருப்பது அவனுடைய நல்ல கை, வலது கை. அவள் தடுமாறினால் அவன் கை தானாகக் குமிழுக்குப் போகும்.

"கையை எடுங்க."

"உதவிதானே செய்யறேன்."

"பரீட்சை எடுக்கறவர் மடியில உங்களை உட்கார வெப்பாங்களா? எடுங்க கையை."

அவன் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டான்.

நாள் போய்க்கொண்டிருந்தது. அவள் சரியாகச் சாப்பிடவில்லை. காற்றில் இடது கையை ஆட்டிக்கொண்டே தொட்டியில் துணியை அமுக்குவாள். யோசித்தால் சரியாக வரும், யோசிக்காமல் விட்டால் தப்பு. ரோட்டில் யோசிக்க நேரம் ஏது.

ஒரு மத்தியானம் அவளும் நானும் இஸ்திரி மேசையில் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தோம். ஆஸ்பத்திரி விரிப்பு ஒவ்வொன்றிலும் ஒரு மூலையில் நீல முத்திரை இருக்கும். எனக்கு எழுத்துத் தெரியாது. அது என்ன சொல்கிறதோ, எனக்கு அது பிறை மாதிரி ஒரு நீலம். மடித்து முடித்தால் அந்த மூலை மேலே வரவேண்டும், இல்லாவிட்டால் நர்ஸம்மா வாங்க மாட்டார். எப்போதும் மருமகள் முத்திரைப் பக்கம் நிற்பாள், நான் எதிரே. அன்று அவள் பக்கத்தில் ஈரக்கூடை வழியை அடைத்துக்கொண்டு இருந்ததால் இடம் மாறி நின்றோம். அடுத்த விரிப்பை உதறிப் போட்டதும் அவள் மேசைக்குக் குறுக்கே எட்டி, என் வயிற்றோரம் கிடந்த முத்திரை மூலையை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அத்தை, நான் இப்ப எட்டித்தானே எடுத்தேன்?"

"பின்ன, அது பறந்து வருமா உன் கைக்கு?"

"எம்பக்கம் தேடலையே நான்?"

"எதுக்குத் தேடணும்? முத்திரை இருக்கற இடத்துலதானே இருக்கும். நீதானே இடம் மாறி நின்னே."

அவள் விரிப்பைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். நானும் பின்னால் போனேன். நின்றிருந்த காரில் ஏறி உட்கார்ந்து, இஞ்சினைக்கூடப் போடாமல், கிளட்சை மிதித்துக்கொண்டு குமிழைப் பிடித்தாள். "என் மடி, அவரு மடின்னு வெச்சிருந்தேன் அத்தை. அதான் தப்பு. இது விரிப்பு. இது முத்திரை மூலை." ஒன்று விழுந்தது. "முத்திரைக்குக் கீழ் மூலை." இரண்டு. "குறுக்க, எதிர் மூலை." மூன்று. "அதுக்குக் கீழ." நான்கு. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு போட்டாள். நான் வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கை தேடவே இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை விரிப்பு மடிக்கிற கை அது.

மாசம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது பரீட்சை. சோதனை எடுக்கிறவர் மூக்குக் கண்ணாடி போட்ட, சளி பிடித்த மனிதர். என்னை இறங்கச் சொன்னார்.

"முட்டி வலி சார். இறங்கினா ஏற முடியாது" என்றேன். வலி இருந்தது, பொய் இல்லை.

"பரீட்சை நேரத்துல வேற யாரும் இருக்கக் கூடாது பாட்டி."

"நான் யாரும் இல்லீங்க, மூட்டைன்னு நெனச்சுக்கோங்க."

அவர் தும்மினார். தும்மி முடித்ததும், "வாயைத் திறந்தீங்கன்னா அப்படியே நிறுத்திடுவேன்" என்றார். என் மகன் மரத்தடியில் நின்றான். கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டிருந்தான்.

கிளம்பியது தெரியவில்லை, அவ்வளவு மெதுவாகக் கிளம்பினாள். ஒன்று, இரண்டு. ரோட்டுக்கு வந்தோம். எதிரே பஸ், பக்கவாட்டில் ஒரு சைக்கிள்காரன், எல்லாம் ஒரே நேரத்தில் வந்தன. மூன்று போடவேண்டிய இடம். அவள் கை இரண்டிலிருந்து எடுத்தது. நடுவில் நின்றது. தள்ளினால் ஒன்றுதான், போச்சு, தொட்டியும் மெஷினும் போச்சு. அவள் உதடு அசைந்தது. மூன்று விழுந்தது.

"என்னம்மா முணுமுணுக்கறீங்க?" என்றார் அவர்.

"விரிப்பு மடிக்கறேன் சார்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

பிறகு மேட்டுக்குப் போகச் சொன்னார். நடு மேட்டில் நிறுத்து என்றார். நிறுத்தினாள். பின்னால் மணல் லாரி வந்து ஒட்டி நின்று ஆரன் அடித்தது. கிளம்பு என்றார். நல்ல டிரைவர்களே அங்கே ஒரு முழம் பின்னால் வருவார்கள். அவள் ஆரனைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை, இஞ்சினை மட்டும் கேட்டாள். கிளட்சைப் பாதிவரை விட்டாள். காரின் மூக்கு லேசாக எழும்பியது. கைப்பிரேக்கை விட்டாள். ஒரு விரல்கடைகூடப் பின்னால் வராமல் கார் ஏறியது. லாரிக்காரன் ஆரனை நிறுத்திவிட்டான்.

திரும்பி வந்து நிறுத்தியதும் அந்த மனிதர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "எத்தனை வருஷமா ஓட்டறீங்க?" என்று கேட்டார்.

"இந்த சீட்டுலயா சார்?" என்றாள் என் மருமகள்.

அவருக்குப் புரியவில்லை. விளக்கிச் சொல்லவும் எங்களுக்கு நேரமில்லை, ஆஸ்பத்திரிக்குத் துணி போகவேண்டும். என் மகன் மரத்தடியிலிருந்து வந்தான். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு இடது சீட்டில் ஏறிக்கொண்டான்.

நர்ஸம்மா அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளை இரண்டு பக்கமும் பார்த்தார். விரிப்புகளைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றையும் திருப்பித் தரவில்லை. "வேன் கம்பெனிக்கு வேண்டாம்னு சொல்லிடறேன். நாளைக்கும் இதே நேரம்" என்றார். நான் அவரைப் பார்த்துக் கொஞ்சம் தலையாட்டினேன். கொஞ்சம்தான்.

திரும்பும்போது என் மகன் பின்னால் வந்து அழுக்கு மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டான். முன்னால் உட்கார்ந்தால் கை சும்மா இருக்காது, அவளுக்கு இடைஞ்சல் என்றான். கார் மேட்டிலிருந்து இறங்கியது. அவன் ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தான். இத்தனை நாள் அந்தத் தெருவில் அவனுக்கு முன்னால் போகிற வண்டியைத் தவிர எதைப் பார்க்க முடிந்தது.

"அம்மா, அந்த மருந்துக்கடைக்கு மேல மாடி கட்டிட்டாங்களா?"

"அது கட்டி எத்தனையோ நாளாச்சுப்பா."

"பச்சை பெயின்ட் வேற அடிச்சிருக்காங்க."

"நல்லாவா இருக்கு?"

"நல்லாவே இல்ல" என்று சிரித்தான்.

வளைவுக்கு முன்னால் மூன்றிலிருந்து இரண்டுக்கு வந்தாள் மருமகள். நான் காதைத் தீட்டிக்கொண்டு இருந்ததால் எனக்குத் தெரிந்தது. என் மகன் மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கியர் மாறியது அவனுக்குத் தெரியவே இல்லை.